கைமாறி வந்த சமாதானம்

மன்னிப்பைத் தனியறை மன்றாட்டிலேயே பெற்றுவிடலாமென்று நெடுநாள் நம்பியிருந்தேன். பாகப்பிரிவினையில் என் தமையனாருக்குத் தீங்கிழைத்தவன் நான். தனியே அழுதும் நெஞ்சம் இலேசாகவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வகுத்த நற்கருணை வழிபாட்டில், ஆதித் திருச்சபையின் சமாதானம் வழங்கும் வழக்கம் மீண்டும் இடம்பெற்றது. காணிக்கைக்கு முன், குருவானவரிடமிருந்து புறப்படும் சமாதானம், வலக்கையோடு வலக்கை சேர, இடக்கை மேலே மூட, வரிசை வரிசையாகக் கைமாறி வரும். வெறும் கைகுலுக்கல் என்று எண்ணிவிடாதீர்கள்!

ஒரு ஞாயிறன்று அது தமையனார் வழியாகவே என்னிடம் வர நேர்ந்தது. எனக்கு அப்பால் ஒரு மூதாட்டி காத்திருந்தார். நான் ஒதுங்கினால் அவருக்கும் அது கிட்டாது. தலைகுனிந்து கை நீட்டினேன். 'தம்பி' என்றார் தமையனார். ஏழாண்டுகளுக்குப் பின் கேட்ட சொல்! நிலக்கணக்கு தீரப் பின்னும் ஓராண்டு பிடித்தது, அது வேறு. கண்களைத் துடைத்துக்கொண்டு மூதாட்டியின் பக்கம் திரும்பினேன்.