கழிபொருளும் கட்டடமும்

பிறர் கழித்த பொருளைக் கொண்டு ஏழைக்குக் கட்டடம் எழுப்புவது அவனை இழிவுபடுத்துவது ஆகாதா? நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹேல் வட்டாரம் வறுமை மிக்கது. ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் 1993-இல் அங்கே 'ரூரல் ஸ்டூடியோ' என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினர். படம் வரையும் மாணவரே மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். (தேர்வுத்தாளோடு நின்றுவிடும் நம் கல்வியை எண்ணிப் பெருமூச்சு விடுகிறேன்.) செல்வராயினும் வறியவராயினும் அழகிய உறைவிடம் எவர்க்கும் உரியது என்பது மாக்பீயின் கொள்கை.

1995-இல் அம்மாணவர்கள் கட்டிய யான்சி சிற்றாலயத்தின் சுவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பழைய டயர்களால் ஆனவை. டயர் எளிதில் மக்காது, எரித்தாலோ நச்சுப்புகை. அதனுள் மண்ணிட்டுக் கல்போல் இறுகும்வரை இடித்து, அடுக்கி, மேலே காரை பூசினால் பளு தாங்கும் தடித்த சுவர் ஆகிவிடுகிறது. பொருளுக்குச் செலவில்லை, இடிக்கும் உழைப்புதான் கடுமையானது.

2000-இல் மேசன்ஸ் பெண்டு என்னும் சிற்றூருக்கு ஒரு பொதுமண்டபம் கட்டினர். கீழே அவ்வூர் மண்ணை இடித்தெழுப்பிய சுவர். மேலே பழைய செவ்ரலே மோட்டார்களின் கண்ணாடிகளை மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பொருத்தினர். மழைநீர் அவற்றின் மேல் வழிந்தோட, உள்ளே ஒளி நிறைந்தது. செல்வர் மாளிகைக்குக் காட்டும் கவனத்தில் சிறிதும் குறைக்கவில்லை.