ஏப்பத்தில் போகும் தீவனம்

ஆரணியைச் சுற்றி ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களில், பட்டு நெய்யும் குடும்பங்கள் சில கறவை மாடும் வைத்திருக்கின்றன. புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவுக் கூலி. அதுவரை வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது சொசைட்டியில் ஊற்றும் பால்.

வைக்கோல் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைக் கவனித்துப் பாருங்கள். வயிற்றிலிருந்து ஓர் உருண்டை மேலே ஏறுவது தெரியும். அது வாய்க்கு வந்ததும் மாடு நிதானமாக அசைபோட்டு விழுங்கும். நடுநடுவே ஏப்பம் விடும். அந்த ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்குகின்றன. சாணத்திலிருந்தும் கொஞ்சம் வரும். நம் பக்கம் சாணம் வரட்டியாகவும் எருவாகவும் காய்ந்துவிடுவதால் அது குறைவுதான்.

நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், அதே அளவு கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. இந்தக் கணக்கைக் காட்டி, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கும் பேச்சை என்னால் ஏற்க முடியாது. முதல் நஷ்டம் அவருக்குத்தான். காசு கொடுத்து வாங்கிய தீவனத்தின் சக்தியில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்குப் பாலாகாமல் காற்றோடு போகிறது. வெறும் வைக்கோலை நம்பி நிற்கும் மாடு குறைவாகத்தான் கறக்கும், ஏப்பத்துக்கு மட்டும் குறைவிருக்காது. லிட்டருக்கு இவ்வளவு மீத்தேன் என்று பார்த்தால் அங்கேதான் அதிகம்.

தேசிய பால்வள வாரியம் சரிவிகிதத் தீவனத் திட்டத்தை நடத்தியபோது பால் கூடியது, தீவனச் செலவு குறைந்தது, மீத்தேனும் குறைந்தது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம், துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்மானத்தை உருவாக்கி, அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. நமக்குக் கைக்கெட்டும் பொருள்களும் உண்டு. வேர்க்கடலை விளையும் மாவட்டம் இது, கடலைக்கொடி இருக்கிறது. அகத்தி, வேலிமசால், கோ 5 புல் எல்லாம் நம் மண்ணில் வளரும்.

ஆனால் ஒரு சென்ட் நிலமும் இல்லாத நெசவாளர் புல்லை எங்கே நடுவார்? ஊர்ப் பொது நிலத்தில் தீவனம் வளர்த்து, மாடு வைத்திருப்போருக்குக் குறைந்த விலையில் கொடுக்க ஊராட்சியும் பால் சங்கமும் சேர்ந்து முன்வர வேண்டும். வரும் கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள்.