உறை மோருக்கு ஒரு நிபந்தனை



எதிரணித் தலைவர் பேசினார். "நிபந்தனை போட்ட ஜிபிஎல் நிரலையெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயிருந்து தூக்கிப் போடு. கொடுத்துட்டா கொடுத்ததுதான், அப்புறம் என்னய்யா நிபந்தனை?" என்றார். அடடா! கர்ணன் பரம்பரை போலிருக்கு! (சிரிப்பு)

பக்கத்து வீட்டிலே உறை மோர் வாங்குறோம். அதை வைத்து வீட்டிலே தயிர் தோய்த்துச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தயிரை நாலு பேருக்கு விற்றால், அவங்களுக்கும் உறை மோர் கொடுக்கணும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் எழுதிய ஜிபிஎல் கேட்பது இவ்வளவுதான். நிரலை விற்கிறாயா? அதன் மூல வடிவத்தையும் சேர்த்துக் கொடு.

லிங்க்சிஸ் என்றொரு வீட்டு ரூட்டர். உள்ளே இருந்தது லினக்ஸ். உரிமத்தைக் காட்டிக் கேட்டார்கள். 2003-இல் மூல நிரலை வெளியிட்டார்கள். அதிலிருந்துதான் 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரூட்டர்களுக்கு இன்னைக்கும் அது உயிர் கொடுக்குது. நிபந்தனை இல்லாமல் கேட்டிருந்தா கொடுத்திருப்பானா? (கைதட்டல்)

டிவோ என்றொரு டெலிவிஷன் பதிவுப் பெட்டி. அவன் பெரிய கெட்டிக்காரன். நிரலைக் கொடுத்தான், ஆனா நாம திருத்திப் போட்டா பெட்டி ஓடாது. வீட்டை எழுதிக் கொடுத்துட்டு சாவியை இடுப்பிலே சொருகிக்கிட்ட கதை! (சிரிப்பு) அதுக்காகத்தான் 2007-இல் மூன்றாம் பதிப்பு வந்தது: வீட்டுச் சாமான்னா சாவியையும் கொடு.

அங்கேதான் எதிரணிக்குக் கோபம். ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் ஜிசிசி கம்பைலரை, பழைய உரிமத்திலே வந்த 4.2.1 பதிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். 2014-இல் வந்த 10.0 பதிப்பிலே கிளாங் அந்த இடத்திலே உட்கார்ந்தது. 2020-இல் ஜிசிசியை மூலத் தொகுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கிளாங் நல்ல கம்பைலர், நான் மறுக்கலை. போட்டி வந்த பிறகுதான் ஜிசிசியே பிழையை மனுஷனுக்குப் புரியும்படி சொல்லக் கத்துக்கிட்டது.

ஆனால் நடுவர் அவர்களே, சோனியின் பிளேஸ்டேஷன் 4, அதே ஃப்ரீபிஎஸ்டியிலே கட்டப்பட்டது. கோடிக்கணக்கில் விற்றது. காசு கொடுத்து வாங்கின பையன் அதன் நிரலைத் திருத்தி ஓட்ட முடியுமா? பூட்டு! தலைவர் சொல்ற சுதந்திரம் யாருக்கு? விற்கிறவனுக்கா, வாங்கின பையனுக்கா? (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். பதிலை எதிரணியே சொல்லட்டும்.