தகுதிக்கு ஆகும் செலவு யாருடையது?



எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள், அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிகளிலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விக் கல்லூரிகளிலும் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி, அவர்களுடைய கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொண்டிருக்கும் சர்க்காருக்கு நன்றி கூறி அமர்ந்தார்கள். நன்றி கூறுவது நல்ல பண்பு. அதில் எனக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் நன்றி கூறிக் கைதட்டிக் கலைந்துபோவதற்காகவா நீங்கள் வேலையை விட்டுவிட்டு, சிலர் இரண்டு பேருந்து மாறி, இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள்? 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவப் படிப்புக்கான இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்து வருஷங்களுக்குள் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும், அதற்கிடையில் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்ல ஆளைக் காணோம். அதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன். தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்று ஒரு சர்க்கார் பிரகடனம் செய்யுமானால், அந்தத் தகுதி உருவாவதற்கு ஆகும் செலவையும், உருவான தகுதி பட்டமாக முடிகிறவரையில் ஆகும் செலவையும் ஏற்பது அதன் கடமையே தவிர, தயவு அன்று.

இந்த ஒதுக்கீட்டினால் தகுதி பாழாகிவிடும் என்று அரற்றுகிறவர்களை முதலில் பார்த்துவிடுவோம். அந்த அரற்றல் இந்த மாகாணத்துக்குப் புதியதா? கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகச் சமூகவாரியாகப் பங்கிட்ட பழைய உத்தரவை எதிர்த்து 1950இல் வழக்குத் தொடுக்கப்பட்டபோதும் இதே குரல்தான் கேட்டது. வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராஜன் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்ற விஷயம் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் 1951 ஏப்ரலில் உத்தரவு ரத்தாயிற்று, அவ்வருஷம் ஜூனிலேயே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு நேர்முகத் தேர்வு என்று ஒன்று கோலோச்சியது. சில நிமிஷங்கள் எதிரே உட்கார வைத்து, குடும்பத்தையும் கோட்டையும் பார்த்துவிட்டு, 75 மதிப்பெண்ணுக்கு ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதினார்கள். அதை எதிர்த்து வந்த பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த முறையைக் கடிந்துகொள்ள நேர்ந்தது. அந்த நாட்களில் தகுதியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தக் காலத்துக்கே வருவோம். மருத்துவப் படிப்பில் சேர்வதற்கான நீட் பரீக்ஷையில் மொத்த மதிப்பெண் 720. 2020ஆம் வருஷம் பொதுப் பிரிவில் தேர்ச்சிக்கு வேண்டியிருந்தது 147. அதாவது, 147 வாங்கிய ஒருவருடைய தகப்பனாரிடம் போதிய பணம் இருக்குமானால், நிர்வாக ஒதுக்கீடு என்றும் வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு என்றும் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் வழியாக அவர் உள்ளே நுழைந்து டாக்டராக வெளியே வரலாம். அவரைப் பற்றித் தகுதிவாதிகள் தலையங்கம் எழுதுவதில்லை. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் 400 வாங்கி, இந்த 7.5 சதவீதத்தில் ஓர் இடம் பெற்றுவிட்டால் மட்டும் நாட்டு வைத்தியசாலைகளின் எதிர்காலத்தைப் பற்றி அவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. இதைவிட வேடிக்கை 2023இல் நடந்தது. மேற்பட்டப் படிப்புக்கான நீட் தேர்வில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, தகுதிக்கான பர்சென்டைலைப் பூஜ்யமாகவே குறைத்து மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. பரீக்ஷை மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்து வந்தவரெல்லாம் தகுதி பெற்றவரே என்பதுதான் அதன் தாத்பரியம். ஐயா, பணம் கட்டுகிற இடம் காலியாகக் கிடந்தால் வளைந்து கொடுக்கிற தகுதி, பணம் இல்லாத பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் எஃகு போல விறைத்து நிற்பது ஏன்? இதற்கு விடை சொல்லிவிட்டு அவர்கள் நம்மிடம் வாதம் செய்யட்டும்.

எதிரிகளைச் சொல்லியாயிற்று. இனி நம் பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதுதான் அதிகம்.

2019இல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் என்று சர்க்கார் தரப்பிலேயே கணக்குச் சொன்னார்கள். மாநிலத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் படிக்கின்ற பள்ளிகளிலிருந்து ஆறு பேர்! ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 10 சதவீதம் கொடுக்கலாம் என்றது. சர்க்கார் அதை 7.5 ஆக்கிற்று. 2020 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. நிறைவேறிய மசோதா கவர்னர் மாளிகையில் ஒன்றரை மாதம் உறங்கியது. கலந்தாய்வுக் காலம் நெருங்கிக் கழுத்தைப் பிடிக்கவே, அக்டோபர் 29ஆம் தேதி சர்க்கார் தனி உத்தரவு பிறப்பித்தது. அது வெளிவந்த மறுநாளே மசோதாவுக்குக் கையொப்பமும் வந்து சேர்ந்தது. ஒன்றரை மாதம் எழுதாத பேனா ஓர் இரவில் எழுதிற்று என்றால், மை எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 18ஆம் தேதி சென்னை நேரு விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. அந்தக் காட்சியைச் சற்று மனத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலின் மேலே இருந்தவர்கள் அரசுக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே வருஷக் கட்டணம் 13,000 ரூபாய்ச் சொச்சம். வரிசை கீழே இறங்க இறங்க, திரையில் மிஞ்சியிருந்தவை சுயநிதிக் கல்லூரிகளின் இடங்கள். அங்கே சர்க்கார் இடத்துக்கே கட்டணம் ஏறத்தாழ 4 லக்ஷம், விடுதியும் சாப்பாடும் புறம்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்ததற்குத் தலைமையாசிரியர் ஒவ்வொருவரிடமும் நடந்து சான்றிதழ் வாங்கி, அதைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு, இரவு முழுவதும் பிரயாணம் செய்து வந்த பிள்ளைகள், தங்கள் பெயரைக் கூப்பிட்டு, இடமும் இருக்கிறது என்று சொல்லப்பட்ட பிறகு, தகப்பனாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லித் திரும்பினார்கள். சட்டம் இருந்தது, இடம் இருந்தது, தகுதி இருந்தது, பணம் இல்லை. பத்திரிகைகளில் செய்தி வந்து, எதிர்க்கட்சி தானே கட்டணத்தைச் செலுத்துவதாக அறிவித்து, ஊரே பேசத் தொடங்கிய பிறகுதான், சில தினங்கள் கழித்து, முழுக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. பாதிக் கிணறு வரைக்கும் எட்டுகிற கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் இறைத்துக்கொள் என்று சொன்ன கதை அது.

2021இல் இந்த ஒதுக்கீட்டைப் பிற தொழிற்படிப்புகளுக்கும் விரித்தபோது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் சர்க்காரே செலுத்தும் என்று முதலமைச்சர் அறிவித்தார். முந்திய வருஷத்து அவமானம் கற்பித்த பாடம் வீண் போகவில்லை என்றே நானும் மகிழ்ந்தேன். ஆயினும், சில தனியார் கல்லூரிகளில் பேருந்துக்கு, புத்தகத்துக்கு, சீருடைக்கு என்று பல பெயர்களில் அந்தப் பிள்ளைகளிடம் பணம் கேட்டார்கள் என்று பெற்றோர் முறையிட்டதும், கேட்கக் கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்ததும் நீங்கள் பத்திரிகைகளில் படித்த செய்தியே. எச்சரிப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. சர்க்காரின் பணம் கல்லூரிக்குத் தாமதித்து வந்தால், கல்லூரி அந்தக் கோபத்தை யார்மேல் காட்டும்? செயலகத்துக்குப் போய்க் காட்டுமா? முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ஹால் டிக்கெட்டின்மேல் காட்டும்.

இப்போது நம்மவர்களுக்கே கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நீட் வருவதற்கு முன்பு, நுழைவுத் தேர்வை 2006ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழித்துப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்த காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று மேடைதோறும் பேசிவருகிறோம். கிராமத்துப் பிள்ளைக்கு அந்த முறை ஒப்புநோக்கில் நியாயமானது என்பதில் எனக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தக் காலத்திலும் மருத்துவப் பட்டியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே தாண்டி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்து, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை பிள்ளைகளை மேஜையோடு பிணைத்து வைத்தார்களே, அந்த மதிப்பெண் எந்தத் தகுதியைச் சேர்ந்தது? பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்த பிறகுதான் அந்த வித்தைக்கு ஒரு தடை ஏற்பட்டது. எந்தப் பரீக்ஷையை வைத்தாலும், தயாரிப்பைத் தனியார் கடையில் விலைக்கு விற்கவிட்டுவிட்டு முடிவை மட்டும் சர்க்கார் எடைபோடும் வரையில், தராசு பணத்தின் பக்கமே சாயும்.

அந்தச் சாய்வு இந்த 7.5 சதவீதத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டது. ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவர்களில் முதல் தடவை எழுதியவர்களைவிட, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ காத்திருந்து மறுபடியும் எழுதியவர்களே மிகுதி என்று வருஷந்தோறும் படிக்கிறோம். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய விடாமுயற்சிக்கு என் வணக்கம். ஆனால் அந்த ஒரு வருஷம் எங்கே கழிந்தது என்று கேளுங்கள். தாயாரின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்தில் கழிந்தது. அடகு வைக்கவும் ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த வருஷம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஏழைகளுக்குள்ளும் சற்று வசதியுள்ள ஏழைக்கே கதவு திறக்கிறது. சனிக்கிழமைகளில் இரண்டு பள்ளிக்குப் பொதுவாக ஒரு வகுப்பு நடத்திவிட்டு, இலவசப் பயிற்சி அளித்தோம் என்று அறிக்கை எழுதுவதால் இந்தப் பள்ளம் தூர்ந்துவிடாது.

தலைமையாசிரியர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி. ஜூன் போய், ஜூலை போய், தொகுப்பூதியத்தில் ஒரு தற்காலிக ஆசிரியர் வந்து சேரும்போது காலாண்டுப் பரீக்ஷை முடிந்திருக்கிறது. அவரும் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். வாங்குகிற சம்பளத்துக்கு அவரை நாம் நிந்திக்கவும் முடியாது. ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, திறப்பதற்கு ஆள் இல்லை. இப்படி இரண்டு வருஷம் படித்த பெண், நகரத்து மாணவன் எழுதும் அதே வினாத்தாளை அதே மூன்று மணி நேரத்தில் எழுதி 400 வாங்குகிறாள் என்றால், தகுதி என்ற ஒன்று உண்மையாகவே இந்த உலகத்தில் இருக்குமானால், அது அவளிடம்தான் இருக்கிறது. உயர்நீதிமன்றம் தரத்தை உயர்த்து என்று சொன்னது அந்த இயற்பியல் வகுப்பைத்தான். அதைச் செய்யாமல், காலம் முடிந்துவிட்டது என்று ஒதுக்கீட்டை எடுத்துவிட நினைத்தால், சர்க்கார் செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனை விதித்ததாகும். எடுக்கமாட்டோம், நீட்டித்துவிட்டோம் என்று சொல்லி அதோடு நின்றாலும், வகுப்பில் ஆசிரியர் இல்லாத குறையை 7.5 என்ற எண்ணால் மூடி வைத்ததாகும்.

அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியருக்குச் சம்பளம் சர்க்காருடையது, பாடப் புத்தகம் சர்க்காருடையது, மத்தியானச் சோறு சர்க்காருடையது. படிக்கிற பிள்ளையும் அதே தெருப் பிள்ளை. ஆயினும் ஒதுக்கீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியிருக்கிறது. அண்ணன் அரசுப் பள்ளி, தங்கை தெருக்கோடி உதவிபெறும் பள்ளி. அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை. தமிழ் வழியில் படித்த அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சதவீதத்தையும் கலையரசன் குழு முதலில் சொன்ன பத்துக்கு உயர்த்துவதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். இதில் மேடையிலேயே கருத்து வேற்றுமை உண்டு என்று அறிவேன். தலைவர் அவர்கள் புன்னகை செய்வதிலிருந்தே தெரிகிறது.

ஆகவே இன்று உங்கள் முன் வைக்கப்படும் தீர்மானம் நன்றித் தீர்மானமாக இருக்கக்கூடாது. ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்கிற குழுவின் முன்னால், ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கின்றன, எந்த மாதத்தில் நிரம்பின என்ற கணக்கைச் சர்க்கார் முதலில் வைக்க வேண்டும். இடம் ஒதுக்கிய ஆணை கையில் கொடுக்கப்படும் அதே நாளில், கட்டணம் சர்க்காரைச் சேர்ந்தது என்று கல்லூரியைக் கட்டுப்படுத்தும் கடிதமும் அதனோடு கொடுக்கப்பட வேண்டும். முதல் தடவை எழுதுகிற பிள்ளைக்கு வேண்டிய பயிற்சி பள்ளி நேரத்திலேயே, பள்ளி ஆசிரியராலேயே நடத்தப்பட வேண்டும். இந்த வாசகங்களோடு தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றித் தருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை 7.5 சதவீதத்தில் இடம் பெற்ற பிறகு, கல்லூரியில் யார் எந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டாலும், கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள், தரமாட்டார்கள். கேட்ட தொகையையும் கேட்ட தேதியையும் நீங்களே ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.