கைதி கெட்டவனான கதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் நம் வார்த்தையல்ல, இத்தாலியர்களுடையது. "கத்தீவோ" என்பது அது. இத்தாலியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. முரண்டு செய்கிற பிள்ளையைத் தாய் அந்தச் சொல்லால்தான் வைவாள். நாற்றம் வீசினாலும், மழையும் புயலுமாய் இருந்தாலும், ஒருவன் அயோக்கியனாய் இருந்தாலும் அதே சொல்தான். "கெட்ட" என்பது அதன் அர்த்தம்.

சரி, இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? இத்தாலிய பாஷை லத்தீனிலிருந்து பிறந்தது. லத்தீனில் "காபெரே" என்றால் பிடிப்பது. பிடிபட்டவன் "காப்தீவுஸ்", அதாவது சண்டையில் சிறைப்பட்ட கைதி. நல்லவன், கெட்டவன் என்கிற பேச்சே அதில் கிடையாது.

கி.மு. 167-ல் ரோமர்கள் கிரேக்க நாட்டை அடுத்த எபிரஸ் சீமையில் சுமார் 70 ஊர்களைக் கொள்ளையிட்டு, 1,50,000 பேரைப் பிடித்து அடிமைகளாக்கினார்கள். இதை எழுதி வைத்தவர் லிவி என்னும் ரோமச் சரித்திரக்காரரே. அந்த ஒன்றரை லட்சம் பேர் செய்த குற்றம் என்ன? தோற்ற நாட்டில் பிறந்திருந்ததுதான்! பிளாட்டஸ் என்ற ரோம நாடகாசிரியர் "கைதிகள்" என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் கைதியான ஓர் அடிமை, தன் எஜமானனைத் தப்புவிப்பதற்காக ஆள்மாறாட்டம் செய்து, கல்வெட்டும் குழிக்குப் போகிறான். அந்த நாடகத்தில் கைதிதான் யோக்கியன்.

அப்படிப்பட்ட கைதி கெட்டவனானது எப்படி? கிறிஸ்து மதம் பரவிய பிறகு பாதிரிமார்கள் பாவம் செய்தவனை "காப்தீவுஸ் தியாபொலி", அதாவது பிசாசின் கைதி, என்றார்கள். நாளாவட்டத்தில் பிசாசு என்கிற பாகம் உதிர்ந்துபோய், கைதி என்ற சொல் மாத்திரம் நின்று, அதற்கே கெட்டவன் என்று அர்த்தம் ஏறிவிட்டது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே! யாரும் கண்ணால் கண்டிராத பிசாசு தப்பித்துக்கொண்டது. கண்ணெதிரே விலங்கோடு நின்ற கைதி மாட்டிக்கொண்டான்!

இதே லத்தீன் சொல் பிரெஞ்சு பாஷையில் "ஷெத்தீஃப்" என்றாகி, நோஞ்சான் என்று பொருள்படுகிறது. ஸ்பானியர்களின் "கவுத்தீவோ" இன்றும் கைதிதான். ஒரே மனிதனை ஒருவர் சிறைப்பட்டவன் என்றார்; ஒருவர் இளைத்தவன் என்றார்; ஒருவர் கெட்டவன் என்றார். இத்தாலியிலேயே "கத்திவித்தா" என்றால் சிறையிருப்பு, "கத்திவேரியா" என்றால் கெட்டதனம். ஒரு வீட்டில் பிறந்த இரு சொற்கள். ஒன்று அனுபவித்த துன்பத்தைச் சொல்லுகிறது, மற்றொன்று செய்த குற்றத்தைச் சொல்லுகிறது.

இதற்காக இத்தாலியத் தாய்மார்கள் அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. சொல் என்பது வழக்கம். அதை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது. ஆனால் வழக்கத்தில் இருப்பதாலேயே அது சொல்லுகிற தீர்ப்பு நியாயமாகிவிடாது. கட்டுண்டவனைக் கெட்டவன் என்று எந்தப் பாஷையில் யார் சொன்னாலும், "அவன் செய்தது என்ன? அவனைக் கட்டியது யார்?" என்ற இரண்டு கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பதில் வந்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.