உப்புக்கும் வரி, ரொட்டிக்கும் பஞ்சம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு கேள்வி. ஒரு குழுவில் 15 பேர். தலைவி குழு பேரில் கடன் வாங்கி இஷ்டத்துக்குச் செலவு பண்ணுறாங்க. தவணை வரும்போது வசதியான 2 பேர், "நாங்க கட்ட மாட்டோம், அது எங்க பரம்பரை உரிமை"ன்னு சொல்றாங்க. மீதிப்பேர்தான் கட்டணும். கணக்கு நோட்டையும் காட்ட மாட்டாங்க. அந்தக் குழு எத்தனை மாசம் நிக்கும்?

ஒரு பெரிய நாடே இப்படித்தான் நடந்தது. அதுதான் பிரான்சு.

அங்கே 16-ம் லூயி ராஜா. ஏற்கெனவே பழைய யுத்தக் கடன் இருந்தது. 1778-ல் இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்காவுக்கு உதவியா யுத்தத்தில் இறங்கினார். அதுக்கும் கடன்தான். 1788-ம் வருஷக் கணக்குப்படி அரசாங்கச் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போச்சு. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன்! இந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததா?

சரி, வரி யார் கட்டினாங்க? முக்கியமான நேரடி வரியின் பேரு 'தாய்'. பேருதான் தாய், பாசமெல்லாம் கிடையாது! மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் அந்த வரியில் விலக்கு. பாரம் விவசாயி தலையில். அது போக தேவாலயத்துக்கு விளைச்சலில் ஒரு பங்கு, பண்ணைப் பிரபுவுக்கு ஒரு பங்கு. உப்புக்கும் வரி. சில பகுதிகளில் 8 வயசுக்கு மேற்பட்ட ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு உப்பு வாங்கியே தீரணும்னு சட்டம். அந்த வசூலைக் குத்தகைக்கு விட்டிருந்தாங்க. குத்தகைதாரர் ராஜாவுக்குப் பணத்தைக் கொடுத்துட்டு, ஜனங்ககிட்ட லாபத்தோட பிடுங்குவார்.

1781-ல் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் வரவு செலவை அச்சடிச்சு வெளியிட்டார். ஜனங்க ஆவலா வாங்கிப் படிச்சாங்க. ஆனா யுத்தச் செலவைச் சேர்க்காம, கையில் மிச்சம் இருக்குன்னு காட்டியிருந்தார். பின்னால் அந்தப் பொறுப்புக்கு வந்த கலோன், 1787-ல் நிலம் வச்சிருக்கிற எல்லாரும் வரி கட்டணும்னு பெரிய மனுஷங்க சபையில் கேட்டார். அவங்க ஒத்துக்கலை. கலோன் பதவிதான் போச்சு.

1788-ல் ஆலங்கட்டி மழை, விளைச்சல் நாசம். ரொட்டி விலை ஏறிப்போச்சு. கூலியில் பாதிக்கு மேல ரொட்டிக்கே சரியாப் போச்சு. வேற வழியில்லாம 1789 மே மாசம், 175 வருஷமா கூடாத சபையை ராஜா கூட்டினார். வரி கேட்கத்தான் கூட்டினார். ஜனங்களோட பிரதிநிதிகள் அங்கே உரிமையைக் கேட்டாங்க. ஜூலை 14-ல் பாஸ்டில் கோட்டை விழுந்தது. ஆகஸ்ட் 4 ராத்திரி பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்கத் தீர்மானம் போட்டாங்க.

அக்டோபர் 5-ம் தேதிதான் நமக்கு முக்கியம். பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டுக் கிளம்பினாங்க. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கொட்டுற மழையில் 20 கிலோமீட்டர் நடந்து வெர்சாய் அரண்மனைக்குப் போனாங்க. அங்கே உயிர்ச்சேதமும் நடந்தது. மறுநாள் ராஜா குடும்பத்தையே பாரிசுக்கு அழைச்சிட்டு வந்துட்டாங்க. 1790-ல் உப்பு வரி ஒழிஞ்சது.

ஆனா சகோதரிகளே, கதை அதோட சுபமா முடியலை. அடுத்த வருஷங்களில் ரத்தம் ஆறா ஓடினது. 1793-ல் பெண்கள் சங்கங்களையே தடை பண்ணிட்டாங்க. நடந்து போன அந்தப் பெண்களுக்கு ஓட்டு இல்லை. பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1944-ல்தான் கிடைச்சது.

கடன் வாங்குறது தப்பில்லை, நாமும் வாங்குறோம். எதுக்கு வாங்கினது, யார் கட்டுறது, கணக்கு எங்கேன்னு கேட்க வழியில்லாமப் போறதுதான் ஆபத்து. 1789 ஆகஸ்டில் பிரான்சு வெளியிட்ட உரிமைப் பிரகடனத்தில், வரியை அவரவர் வசதிக்குத் தக்கபடி பிரிக்கணும், அதிகாரிகளிடம் கணக்குக் கேட்க சமுதாயத்துக்கு உரிமை உண்டுன்னு எழுதி வச்சாங்க. நம்ம குழுவில் மாசாமாசம் கணக்கை வாசிக்கச் சொல்றது சின்ன விஷயம் இல்லை. அதே பழக்கத்தோட கிராம சபைக்கும் போங்க. அங்கேயும் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.