நாமே வகுத்துக்கொள்ள வேண்டிய பங்கீடு

(அரசு அலுவலர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



என் இளமைக் காலத்தில் சர்க்கரை ஒரு பங்கீட்டுப் பொருள். தீபாவளி நெருங்கினால், குடும்ப அட்டையுடன் நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பது என் பொறுப்பு. ஆலைகள் தம் உற்பத்தியில் ஒரு பகுதியை அரசுக்குக் குறைந்த விலையில் அளிக்க வேண்டுமென்ற 'லெவி' முறை 2013-இல் நீக்கப்பட்டது. இன்று உலகிலேயே மிகுதியாகச் சர்க்கரை நுகரும் நாடு இந்தியா. பற்றாக்குறை விதித்திருந்த வரம்பு மறைந்தது. அதனிடத்தில் வேறொரு வரம்பை நாம் அமைத்துக்கொள்ளவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று, 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. இதற்குச் சர்க்கரை ஒன்றே காரணமன்று. ஆனால் மிகுதியான சர்க்கரை உடல் எடையைக் கூட்டுகிறது. கூடிய எடை நோய்க்கு வழி செய்கிறது.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய நெறியின் சாரம். நம் அலுவலகக் கணக்கைப் பாருங்கள்: நாள்தோறும் நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு ஏறத்தாழ 5 கிராம். ஆக 40 கிராம். கூட்டங்களில் வழங்கப்படும் பிஸ்கட் இதில் அடங்காது.

என் கணக்கும் இதுவாகவே இருந்தது. முதலில் வெல்லத்துக்கு மாறி, நன்மை செய்துகொண்டதாக மகிழ்ந்தேன். வெல்லமும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான் என்று மருத்துவர் உணர்த்தினார். பின்னர், இரு வாரங்களுக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். இரண்டு திங்களில் சர்க்கரையின்றித் தேநீர் அருந்தப் பழகினேன்.

நுகர்வு குறைந்தால் கரும்பு விவசாயியின் நிலை யாதென நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் கரும்புக்கு இன்று எத்தனால் என்னும் மற்றொரு சந்தையும் உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2025-இல் எட்டப்பட்டது. விவசாயியின் வருவாயை நம் உடல்நலத்தை விலையாகக் கொடுத்துக் காக்க வேண்டியதில்லை.

உணவே போதாத ஏழைக் குடும்பங்களுக்கு நான் இதைக் கூறவில்லை. நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நமக்கே கூறுகிறேன். சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளைப் பள்ளிகளில் அமைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் பணித்தது. அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளில் தேநீரைச் சர்க்கரையின்றி வழங்கி, வேண்டுவோர் தாமே இட்டுக்கொள்ளும் வழக்கத்தை நாம் தொடங்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அன்று பங்கீட்டு அளவை அரசு வகுத்தது. இன்று அதை நாமே வகுத்துக்கொள்வோமாக.